மீதியை அவர் சொல்வார்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, இறுக்கமாகிப்போன ஒரு சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. தையல்கார அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட். திரை முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள்.

"பேரப்பிள்ளை விளையாடுறதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, எங்க வீட்டுக்காரர் பேசுறது."

நாற்காலியில் இருந்த அவர் கணவர், சுவருக்கு வண்ணமடிக்கும் பெயின்டர், என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பரிகாரமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: பெயின்டரின் நாக்கு காய்ந்துபோன பிரஷ் மாதிரி—

வேண்டாம். பெயின்டர் என்றதும் என் பேனா பிரஷ்ஷைத் தேடி ஓடுகிறது. நேரே சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பெயின்டருக்குப் பேச்சு போய்விட்டது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை, நாக்குதான் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் டேப்லெட்டில் ஒரு செயலியைப் போட்டு, பளிச்சென்று ஒரு விசைப்பலகையும் சேர்த்துக் கொடுத்தார். உயிரெழுத்து மஞ்சள், வல்லினம் ஆரஞ்சு, மெல்லினம் பச்சை, இடையினம் ஊதா. தட்டி முடித்து ஓரத்துச் சிவப்பைத் தொட்டால் அது பேசும்.

ஆனால் இதுவரை அது ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அவர் 'க' தட்டினால் போதும், "கதவைச் சாத்தணும், அதானே?" என்று அந்த அம்மா எழுந்துவிடுவார். 'த' என்றால் தண்ணீர் வந்து நிற்கும். கணிப்பு தப்பியதே இல்லை. பெயின்டருக்கு எரிச்சலே அதனால்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு, தட்டிய எழுத்தை அழித்துவிடுவார்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்குமூலம்: அடுத்தவர் பேச்சை முடித்துவைக்கும் வியாதி எனக்கும் உண்டு. என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.)

3

ஒருநாள் மத்தியானம் பெயின்டர் கண்ணயர்ந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. வாழ்நாளெல்லாம் நிறத்தோடு புழங்கிய மனிதருக்கு இந்த மிட்டாய் நிறங்களா? அவருக்குப் பிடித்த நீலத்திலேயே அத்தனை கட்டங்களையும் மாற்றினார். வெளிர்நீலத்தில் தொடங்கிக் கருநீலம் வரை, பெயின்ட் கடை ஷேடு கார்டே தோற்றுப்போகும்.

பெயின்டர் விழித்தார். அவர் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. நிறத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது எழுத்துக்குப் போய்ப் பழகியிருந்தது.

"எப்படிங்க இருக்கு? அசந்துட்டீங்க, அதானே?"

இல்லை என்று தலையாட்டினார். கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக அந்த அம்மாவின் கணிப்பு தப்பியது.

"ஐயோ, கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்! திருப்பி மாத்திடறேன். எதெது என்ன கலருங்க? எனக்கு ஞாபகமே இல்லையே..."

முதல் எழுத்திலேயே எழுந்து ஓடுகிறவருக்குத் திரையைப் பார்க்க நேரம் ஏது? பெயின்டர் தையல் பெட்டியை இழுத்தார். நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தந்தக் கட்டத்தின் மேல் வைத்தார். மஞ்சளில் இரண்டு இருந்தன. ஒன்றை முகம் சுளித்து ஒதுக்கினார். அந்த அம்மா வாயே திறக்காமல் மாற்றிக்கொண்டே வந்தார். சட்டையை வாங்கப் போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

4

முடிவுகள்.

அ) பெயின்டர் அவரைத் திட்டித் தீர்க்கிறார். முப்பது வருடச் சண்டையில் விட்ட இடத்திலிருந்து—

ஆ) "நீ இல்லேன்னா நான்..." சீ, சினிமா.

இ) எழுதியதை அடித்துவிட்டேன். அதில் அவருக்கு நான் எழுதிக்கொடுத்த வசனம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நிறங்கள் திரும்பியதும் பெயின்டர் தட்ட ஆரம்பித்தார். 'நீ' வந்தது. 'எ' வந்தது. அந்த அம்மாவின் வாய் திறந்து மூடிக்கொண்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அவசரமில்லைங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."

*நீ என்னை*

உங்களுக்கு மீதி தெரிந்துவிட்டது, அதானே? எனக்கும் நாக்கு நுனியில் நிற்கிறது. அதனால்தான் சட்டையைக்கூட வாங்காமல் சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டேன். நீங்களும் தயவுசெய்து முடித்துவைக்காதீர்கள். நான் இறங்கத் திரும்பும்போது அவர் விரல் ஆரஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.