கட்டுப்பாட்டுக் குழு

துண்டுப்பிரசுரம் அச்சாகி வந்த அன்று ஜனார்த்தனன் அதை மேசைமேல் விரித்துவைத்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் இயங்கியது அந்த மூளை நல ஆய்வு நிலையம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்குவது ஜனார்த்தனனின் வேலை. தமிழாக்கியதைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ஆள் சேர்ப்பது கஜலட்சுமியின் வேலை. அது அங்கே யாருக்காவது விளங்குகிறதா என்று பார்ப்பது ஒருவருடைய வேலையும் அல்ல.

“வாசிச்சுப் பாருங்க மிஸ்” என்றார்.

மூளை, நரம்பு ஆகியவற்றின் ஆரோக்கியம் பற்றிய ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று தொடங்கியது. கீழே தடித்த எழுத்தில் இருந்தது: ‘கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான தோட்டப் பெண்கள் அன்புடன் வரவேற்கப்படுகிறார்கள்.’

“சார், இந்தக் கட்டுப்பாடுங்கிற சொல்ல எடுத்துடுங்க. தோட்டத்துல அதுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான்.”

“என்ன அர்த்தம்?”

“பிள்ளை பெறாம இருக்கச் செய்ற ஒப்பரேஷன்.”

“அது குடும்பக் கட்டுப்பாடு. இது வெறும் கட்டுப்பாடு. நோயாளிகளோட ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காகச் சேர்க்கிற, நோயில்லாத ஆட்கள்.”

“அங்க யாரும் குடும்பத்தச் சேத்துச் சொல்றதில்ல சார். ‘அவளுக்குக் கட்டுப்பாடு பண்ணிட்டாங்க’ன்னுதான் சொல்லுவாங்க.”

ஜனார்த்தனன் அலுமாரியைத் திறந்து கலைச்சொல் அகராதியை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து, விரலை எடுக்காமலே அவளைப் பார்த்தார். அகராதி சொல்லிவிட்டது. இனித் தோட்டம்தான் திருந்த வேண்டும்.

கஜலட்சுமி மேலே பேசவில்லை. பேசாமலிருப்பது அவளுக்குப் பழக்கம். அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வது ஜனார்த்தனனுக்குப் பழக்கம்.

இந்த ஆய்வில் அவளுக்கு ஒரு சொந்தக் காரியம் இருந்தது. நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள தோட்டத்தில் அவளுடைய சின்னம்மா பாப்பம்மா இருந்தாள். கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். தலைவலி என்று ஒரு கிளினிக்குக்குப் போனவளிடம், அங்கிருந்த சின்ன டொக்டர் ஒருவர் என்னென்னவோ கேட்டிருக்கிறார். இன்றைய திகதி என்ன, இது எந்த மாகாணம், நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு மணிக்கூடு வரைந்து காட்டு. கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பேனையைப் பிடித்திருந்த பாப்பம்மா, மணிக்கூடு என்று ஒரு உருளைக்கிழங்கை வரைந்து கொடுத்தாள். ‘மறதி நோய், ஆரம்பநிலை. நெருப்பு, கத்தி, தனிப்பயணம் கவனம்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மகன் சதீஸ் அடுப்படியைப் பூட்டிவிட்டான். கெட்டவனல்ல, படித்தவர்கள் எழுதியதை அப்படியே நம்புகிறவன். சமையல் மருமகள் கைக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குத் தனியாக பஸ் ஏறிப் போய்வந்தவள், இப்போது கொல்லைக்குப் போனாலும் யாராவது பின்னால் வந்தார்கள்.

“என்னையப் பைத்தியக்காரின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா நல்லாருக்கும்டி. இவனுங்க மெதுவாப் பேசுறானுங்க. அதுதான் தாங்க முடியல” என்றாள் கஜலட்சுமியிடம்.

தோட்டத்துப் பெண்கள், பள்ளிக்கூடம் போகாதவர்கள், நன்றாக இருக்கிறவர்கள் இந்தக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்து, அதன்படி அளவை வைப்போம் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அப்படி வைத்தால் சின்னம்மாவின் சீட்டைக் கிழித்துவிடலாம். அந்த ஆசையில்தான் கஜலட்சுமி கூட்டத்துக்கு நாள் குறித்தாள்.

தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் கூட்டம். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. சுவரில் வாத்தும் முயலும் வரைந்திருந்தார்கள். உள்ளே போட்ட கதிரைகளில் ஒருத்தியும் உட்காரவில்லை. பெண்கள் எல்லோரும் வெளியே, வாசலைவிட்டுத் தள்ளி நின்றார்கள். கையில் துண்டுப்பிரசுரம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்துக் காட்டியிருந்தார்கள், அகராதி இல்லாமலே.

“உள்ள வாங்க அக்கா” என்று கஜலட்சுமி கூப்பிட்டாள்.

முன்னால் நின்றவள் அங்கம்மா. இடுப்பில் கை.

“வந்தா கதவச் சாத்திருவீங்களா?”

“ஏங்க்கா சாத்துறோம்?”

“எங்க ஆத்தாவ அப்பிடித்தான் வண்டியில ஏத்திட்டுப் போனாங்களாம். ஊசி போடுறோம்னு கூட்டிட்டுப் போயி கட்டுப்பாடு பண்ணி அனுப்பிச்சாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்ல தொட்டில் ஆடல.” பிறகு அங்கம்மாவே முகத்தை மாற்றிக்கொண்டாள். “சரி, அது அந்தக் காலம். எனக்கு இப்ப என்னா வயசு? இதுக்கு மேல கட்டுப்பாடு பண்ண எங்கிட்ட என்னாத்த மிச்சம் வச்சிருக்காங்க?”

பெண்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, “மூளையில பண்ணப் போறாங்களாம்டி. அங்கதானே போட்டிருக்கு, மூளைன்னு” என்றாள்.

“மூளையில பண்ணிட்டா?”

“புதுசா ஒண்ணும் பொறக்காது. நெனப்பு.”

“அப்ப தொரைமாருக்கெல்லாம் எப்பவோ பண்ணிட்டாங்க.”

இப்போது சிரிப்பு மலையில் எதிரொலித்தது. ஜனார்த்தனனுக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“அம்மாமார்களே, தவறான புரிதல். உங்களுக்கு நாங்கள் எதுவும் செய்ய மாட்டோம். மூளை நோயாளர்களுக்குப் பக்கத்தில் உங்களை வைத்துப் பார்ப்போம், அவ்வளவுதான்.”

“பைத்தியத்துக்குப் பக்கத்துல எங்கள ஒக்கார வப்பீங்களா?”

“வைத்து என்றால், ஒப்பிட்டு...”

“எத்தன நாளைக்கு?”

“இதுக்குத்தான் படிப்பு வேணும்னு சொல்றது” என்றார் ஜனார்த்தனன் கஜலட்சுமியிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

பெண்கள் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். அங்கம்மா மட்டும் நின்றாள்.

“நீ சொல்லு புள்ள. நீ பாப்பம்மாக்கா வீட்டுப் பொண்ணு. இது என்னான்னு நீ சொல்லு, கேக்குறோம்.” போகத் தொடங்கியவர்களும் நின்றார்கள்.

கஜலட்சுமி வாயைத் திறந்து மூடினாள். சொல்வது சுலபம். சின்னம்மாவை உதாரணம் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஆனால் அந்தச் சீட்டைப் பற்றி லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. கால்வலி என்றுதான் சதீஸ் சொல்லி வைத்திருந்தான். பாப்பம்மா அந்தக் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றாள், மருமகள் பக்கத்தில், காவலில் நிற்பவள்போல. கஜலட்சுமி அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“எனக்கு மறதி நோயின்னு சீட்டு குடுத்திருக்காங்கடி” என்றாள் பாப்பம்மா. சத்தமாக, கொஞ்சம் கோபமாக. “அதச் சொல்ல இந்தப் புள்ளைக்கு வாய் வரல. கேள்வி கேட்டாங்க, எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுதான்னு பாக்க வந்திருக்காங்க. வெளங்குதா? அவ்வளவுதான் விசயம்.”

அங்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒனக்கா மறதி? எம் பொண்ணு சடங்குக்கு ஒன்னையக் கூப்பிடாம விட்டத இன்னிக்கும் தண்ணி புடிக்கிற பீலியடியில நின்னு சொல்லிக் காட்டுற. அந்தப் புள்ளைக்கே இப்ப ரெண்டு புள்ள!”

“கூப்பிட்டியா நீ?”

“பாத்தீங்களாடி!” என்றாள் அங்கம்மா மற்றவர்களிடம். பிறகு ஜனார்த்தனன் பக்கம் திரும்பினாள். “எங்களையும் கேளுங்க சார், அந்தக் கேள்விய.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலையத்து வேனில் ஜனார்த்தனன் கேள்விகளோடு வந்தார்; பரீட்சை வைப்பதும் அவர்தான். குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் பெண்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து பதில் சொன்னார்கள். காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டியபோது ஒருத்தி, “எரும. ஆனா யாரோ மூக்குல வச்சு அடிச்சிட்டாங்க பாவம்” என்றாள். ‘க’ எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும்படி அங்கம்மாவைக் கேட்டார்கள். அவள் ஜனார்த்தனனின் முகத்தைப் பார்த்தபடியே, “கழுத, கழுதக்குட்டி, கழுதைக்குப் பொறந்தது” என்றாள். விதிப்படி ஒரே சொல்லின் பிள்ளைகளுக்குப் புள்ளி கிடையாது என்றார் அவர், சிரிக்காமல்.

பாதியில் கஜலட்சுமிக்கு அது தெரிந்தது. பதில் சொல்லி முடித்த ஒவ்வொருத்திக்கும் அவர் ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். அதே வாசகம். மறதி நோய், ஆரம்பநிலை.

“என்ன சார் இது? இவங்க நல்லா இருக்கிற ஆளுங்கன்னுதானே வரச் சொன்னோம்?”

“நல்லா இருக்காங்களான்னு எப்படித் தெரியும்? இந்தப் பரீட்சையில தேறினால்தான் கட்டுப்பாட்டுக் குழு. தேறாட்டி நோயாளர் பக்கம்.”

“புதுசா அளவு வைக்கிறதுக்குத்தானே இவங்களக் கூப்பிட்டோம்?”

“ஓமோம். தேறினவங்கள வச்சு வைப்போம்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்கிறாரா என்று தேடினாள். இல்லை. அந்த முகத்தில் வழிதவறிய ஒரு எண்ணம்கூட வந்து ஒதுங்கியதாகத் தெரியவில்லை. முறைப்படி நடந்துகொண்டிருந்தார். கிணற்றின் ஆழம் பார்க்கப் போய், கயிறு எட்டவில்லை என்பதற்காகக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று எழுதுகிற முறை.

வெளியே போய்ப் பெண்களிடம் சொன்னாள். நடந்ததில் ஒன்றையும் மறைக்கவில்லை. இனிமேல் யாரும் உள்ளே போகவேண்டாம், வாங்கின சீட்டுகளைத் தன்னிடம் தந்துவிடுங்கள் என்றாள்.

அங்கம்மா சீட்டை ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.

“குடுக்க மாட்டேன். நாளைக்கு மழையில மலைக்குக் கூப்பிட்டா, மறந்துட்டேன்னு கங்காணிகிட்ட இதக் காட்டுவேன். நீங்களும் போயி வாங்குங்கடி, சும்மா குடுக்குறான்!”

மிச்சமிருந்தவர்களும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தன் ஆய்வுக்கு இப்படியொரு ஆர்வமா என்று ஜனார்த்தனன் நெகிழ்ந்துபோனார்.

மாலையில் பெண்கள் கூட்டமாகப் பாப்பம்மாவின் லயத்துக்கு வந்தார்கள். சதீஸ் வாசலில் நின்றான். அங்கம்மா சீட்டை விரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“வாசிடா.”

வாசித்தான். அடுத்தவள் நீட்டினாள். அதையும் வாசித்தான். மூன்றாவது சீட்டு அவனுடைய மாமியாருடையது.

“நீ பத்து வயசுல கோயில் உண்டியல்ல குச்சி விட்டு ஆட்டுனத நான் மறந்துட்டேனா? எல்லாருக்கும் சொல்லவா?” என்றாள் அங்கம்மா. “இன்னிக்கு இந்த லயத்துல அடுப்பெரியணும்னா ஆம்பளைங்கதான் எரிக்கணும். எல்லாப் பொம்பளைக்கும் நோய். போ, உன் மாமியா வீட்டுக்கும் ஒரு பூட்டு வாங்கிட்டுப் போ.”

சதீஸ் தாயைப் பார்க்கவில்லை. கஜலட்சுமியைப் பார்த்தான்.

“எனக்கு என்னாக்கா தெரியும்? டொக்டர் எழுதினது...”

“இதுவும் எழுதினதுதான் தம்பி.”

அவன் உள்ளே போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு, அப்படியே பின்பக்கமாக வெளியேறிக் கொல்லையில் போய் நின்றுகொண்டான். பாப்பம்மா விறகை எடுத்து முறித்தாள். முதல் தீக்குச்சி பிடிக்கவில்லை, இரண்டாவது பிடித்தது. வாசலில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டே கலைந்தார்கள்.

தேத்தண்ணீர் கொதிக்கும்போது கஜலட்சுமியின் போன் அடித்தது. ஜனார்த்தனன். குரலில் அப்படியொரு மகிழ்ச்சி.

“மிஸ், நிலையத்துப் புரொபெசர்கிட்டச் சொல்லிட்டேன். ஒரே தோட்டத்துல இவ்வளவு மறதி நோய் எங்கயும் வந்ததில்லையாம். சிங்கப்பூர் மாநாட்டுக்கு அனுப்பலாங்கிறார். ஒரே ஒரு குறை, கட்டுப்பாட்டுக் குழுவில ஆளில்லை. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. போன மாசம் பழகிப் பாக்க உங்களுக்கு இந்தப் பரீட்சை வச்சமே, முழுப் புள்ளி எடுத்தீங்க. தோட்டத்துல பொறந்தவங்கதானே நீங்களும்? வயச புரொபெசர் பார்த்துக்குவார். உங்க விபரத்தை மட்டும் சொல்லுங்க, நான் போட்டுக்கிறேன். பிறந்த திகதி?”

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரவிறகு சீறியது.

“மிஸ்? கேக்குதா? பிறந்த திகதி.”

“ஞாபகமில்ல சார்.”

“விளையாடாதீங்க மிஸ்.”

“இது எந்த மாகாணம்னும் சரியா வரமாட்டேங்குது” என்றாள் கஜலட்சுமி. “எனக்கும் ஒரு சீட்டு எழுதி வைங்க.”