பாங்காக்கில் பஞ்சநதம் கும்பிட்ட சிலை

ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று சர்க்கார் சட்டம் போட்ட மறுவருஷம், நடவாட்கள் கூலி உயர்த்திக் கேட்டு வயலில் இறங்க மறுத்த வாரத்தில், பஞ்சநதம் பாங்காக்குக்கு விமானம் ஏறினார். மகளையும் மருமகனையும் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லிக்கொண்டார். கொடி பிடித்து வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் ஓடுகிறார் என்று கூட வந்த ஞானாம்பாளுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவருடைய வீரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த மனைவி அவள்.

மருமகன் தியாகேசன் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் மேனேஜர். லீவு போட்டுவிட்டுக் கோயில் கோயிலாக அழைத்துப் போனான். பஞ்சநதத்துக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆற்றங்கரையில் நெடுநெடுவென்று நின்ற கோபுரத்தைத் தடவிப் பார்த்து, உடைந்த பீங்கானை ஒட்டி வைத்திருக்கிறான் என்று உதட்டைப் பிதுக்கினார். சயனத்தில் இருந்த புத்தர் நூற்றைம்பது அடி நீளம் என்றபோது, படுத்துக் கிடப்பவனுக்கு என்ன நீளம் வேண்டியிருக்கிறது என்றார். போன இடமெல்லாம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை இழுத்து வந்து நிறுத்தினார். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய அந்தக் கோயிலுக்கு அவர் கடைசியாகப் போனது கல்யாணமான புதிதில்.

அரண்மனைக் கோயில் வாசலில் காவலாளி தடுத்தான். மடித்துக் கட்டிய வேட்டியைப் பிரம்பால் காட்டி, இறக்கு என்று சைகை செய்தான். இங்கே முழங்கால் தெரியக்கூடாது மாமா என்றான் தியாகேசன். தன் எதிரே மடித்த வேட்டியோடு நின்றான் என்பதற்காகப் பண்ணையாள் காத்தானைக் களத்தில் கட்டிவைத்து அடித்தவர், அவசர அவசரமாக வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு, காவலாளியைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். அந்தக் குழைந்த சிரிப்பை ஞானாம்பாள் அதுவரை பார்த்ததில்லை. அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் தங்க புத்தர். ஐந்தரை டன் எடை. பகைவர் படை வந்தபோது யாரோ அதன்மேல் சாந்து பூசி மறைத்தார்களாம். இருநூறு வருஷம் வெறும் சுதைச் சிலையாகக் கிடந்ததாம். பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்பு இடம் மாற்றத் தூக்கியபோது தவறி விழுந்து, சாந்து பெயர்ந்து தங்கம் தெரிந்ததாம். தியாகேசன் சொல்லி முடித்ததும் பஞ்சநதம் முதல்முறையாகக் கைகூப்பினார்.

"மூளைக்காரப் பயலுங்க," என்றார். புத்தரை அல்ல, சாந்து பூசியவர்களை.

அந்த உற்சாகத்திலேயே டாக்ஸியில் மனைவியிடம் ரகசியத்தை அவிழ்த்தார். வாய்க்காலுக்கு வடக்கே பத்து ஏக்கர் அவள் பெயரில் இருக்கிறது. அவளுடைய அப்பா கொடுத்த சீதனம் என்று கணக்கு. சீதன நிலத்தில் சட்டம் கைவைக்காது. தாலுகா ஆபீசில் விசாரித்தால் அப்படியே சொல்ல வேண்டும்.

ஞானாம்பாளின் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஒரு குழி நிலம் இல்லாத மனுஷர். பிச்சைக்கார வாத்தியார் பெண் என்று பந்தியில் பத்துப் பேர் முன்னால் அவளைச் சொன்னவர் இவர். இப்போது அதே வாத்தியாரிடம் பத்து ஏக்கர் வாங்கிக்கொண்டிருந்தார்.

"பூசினவங்க யாருகிட்டயும் சொல்லாமலே செத்துட்டாங்க. அந்தத் தங்கத்தால அவங்களுக்கு என்னங்க லாபம்?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? சொன்னதைச் சொல்லு, போதும்."

ஊர் திரும்பிய இருபதாம் நாள் விசாரணை. அதிகாரி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நிலம் சீதனமா என்று கேட்டார்.

"எங்கப்பா வாத்தியாருங்க. அவர் எனக்குப் போட்டது ரெண்டு பித்தளைக் குடமும் ஒரு சங்கிலியும்தான். இந்தப் பத்து ஏக்கர் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி தலையைத் தூக்கினார். வெளிநாடு போய்வந்ததில் அவளுக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது என்று பஞ்சநதம் தொடங்கினார். கேட்கும்போது மட்டும் பேசுங்கள் என்று அதிகாரி சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

பத்து ஏக்கரும் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் உபரி நிலத்தில் சேர்ந்தது. மறு வருஷம் நிலமில்லாத ஏழு குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். பஞ்சநதம் நாலு மாதம் ஞானாம்பாளோடு பேசவில்லை. வீடு இத்தனை நிம்மதியாக இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியாமல் போயிற்று.