வலது பக்கக் கதவு

நாடாவை இழுத்துப் பிடித்து மேரி முடிச்சுப் போட்டாள். கட்டிலுக்கு நாடா பின்னுவது தெரிந்த சங்கதி. காருக்குப் பின்னச் சொன்ன முதல் ஆள் அவள் புருஷன் யேசுதாசாகத்தான் இருப்பான். ஸ்பிரிங் வைத்த பழைய சீட்டு கனமாம். பட்டுக்கடை கலியாணசுந்தரம், சீமைக்கே திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கிய இரண்டு சீட்டுப் பந்தயக் காரைப் பிள்ளையார்பாளையம் ஷெட்டில் கொண்டுவந்து விட்டதிலிருந்து யேசுதாஸ் அதை உரித்துக்கொண்டே இருந்தான். பம்பர் போயிற்று, இரும்புத் தரை போய் ஒட்டுப்பலகை வந்தது, பானெட்டும் இடது கதவும் அலுமினியத் தகடாயின. கனம் குறையக் குறைய வண்டி பறக்கும் என்பான். அந்த நினைப்பில் சோறு தின்னக்கூட மறந்துபோவான்.

சோழவரம் கார்ப் பந்தயத்தில் ஓட்டப்போவது கலியாணசுந்தரம் அல்ல. அவருடைய அம்மா அவரைக் காமாட்சி சன்னதிக்கு இழுத்துப்போய், ஓட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். ஆகவே ஓட்டப்போவது யேசுதாஸ். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேரியும் அதே சத்தியத்துக்காக அவனை மாதா படத்தின் முன் நிறுத்திப் பார்த்தாள். அவனோ சிரித்தபடி ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உன் பக்கத்துக் கதவு மட்டும் இரும்பாவே இருக்கட்டும்யா.”

எந்த மனசில் இருந்தானோ, சரி என்றான். அன்றுதான் அவள் அயர்ந்து தூங்கினாள்.

அவள் கடைசி நாடாவை முடிந்துகொண்டிருந்தபோது கலியாணசுந்தரம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மேரியின் குழந்தைக்குப் பிஸ்கட் பொட்டலம் இல்லாமல் வரமாட்டார். காரைச் சுற்றி வந்தார். இடது கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. ஓட்டுகிற பக்கத்து வலது கதவைக் கையால் இழுக்க வேண்டியிருந்தது.

“இது இன்னும் மாத்தலியாப்பா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

யேசுதாஸ் மேரி இருந்த பக்கம் திரும்பவில்லை. “மறந்துட்டேன் மொதலாளி” என்றான்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று மேரி கேட்க நினைத்தாள். ஆனால் அவர் கட்டாயப்படுத்தியா யேசுதாசை ஓட்டச் சொன்னார்? ஆசைப்பட்டு நிற்கிறவன் அவளுடைய புருஷன் அல்லவா? குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

இரும்புக் கதவு கழன்று மண்ணில் விழுந்தது. கோணிக்குப் பின்னாலிருந்து புதுக் கதவை எடுத்து வந்தான் யேசுதாஸ். எப்போதோ தட்டித் தயாராக வைத்திருந்திருக்கிறான்.

“புடி மேரி, ஸ்க்ரூ எட்த்துக்கினு வரேன். எவ்ளோ லேசா இருக்குது பாத்தியா?”

ஒரு கையில் கதவு, ஒரு கையில் குழந்தை. நோவெடுத்தது என்னவோ குழந்தையைத் தாங்கிய கைதான். பிஸ்கட்டைச் சப்பியபடி குழந்தை காலை ஆட்டியது. குதிகால் பட்ட இடத்தில் தகடு டப்பென்று உள்ளே போயிற்று. மேரி பின்பக்கமாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டப்பென்று வெளியே வந்தது. குழந்தைக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. சிரித்துக்கொண்டே மறுபடியும் காலை ஓங்கியது.