நாற்பது வீட்டுச் சாவி

இரத்தினபுரியில், களு கங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு லேனில் நான் இருபத்தெட்டு வருசமாகக் குடியிருக்கிறேன். பெயர் றிஸ்மியா. மாணிக்கக்கல் வியாபாரிகள் கூடும் தெருவுக்குப் பகல் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்புவது என் தொழில். என் கணவர் ஹலீமுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் முன்வாசலில் இருந்துகொண்டு பார்சலுக்கு வாழையிலை துடைத்துத் தருவார்.

லேனுக்குப் பின்னால் ஒரு சேற்று வயல் இருந்தது. கங்கை நிரம்பினால் தண்ணீர் முதலில் அங்கேதான் போய்ப் படுக்கும். நாலு வருசத்துக்கு முன் டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து அந்த வயல் தூர்ந்து போனது. பிறகு அதன்மேல் எட்டு மாடி எழும்பியது. நாற்பது வீடுகள். வாங்கியவர்கள் எல்லாரும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள்.

நான் நகரசபைக் கூட்டத்துக்குப் போய், இனி அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். ஒரு எஞ்சினியர் கலர் கலராக வரைந்த படத்தைக் காட்டினார். படத்தில் எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் மரங்கள் நின்றன.

அதன் பிறகு லேன் கலைய ஆரம்பித்தது. இருபத்திரண்டு வீடுகளில் ஒன்பது விலைபோயின. கூலிக்கு இருந்தவர்களுக்கு வீட்டு வாடகை ஏறியது. பதினாறு வருசம் எனக்குப் பக்கத்தில் தையல் மெஷின் ஓட்டிய ஸுலைஹா கேகாலைக்கே போய்விட்டாள். கட்டாரில் இருக்கும் என் மகன், நல்ல விலை வரும்போதே விற்றுவிடுங்கள் என்று கிழமைக்கு ஒருதரம் போன் எடுப்பான். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தந்தது கட்டடத்தின் உயரம் அல்ல. மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் நாற்பது வீட்டில் இரண்டு மூன்றில்தான் வெளிச்சம் இருக்கும். இருக்க இடமில்லாமல் ஸுலைஹா போனாள். இருக்க ஆளில்லாமல் இந்த வீடுகள் நிற்கின்றன. கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கட்டடத்தின் வாசலில் கபில நிற யூனிபோர்மில் ஒரு செக்குரிட்டி நிற்பார். அறுபது வயதிருக்கும். நான் போகும்போதும் வரும்போதும் தலையை அசைப்பார். நான் பார்க்காதது மாதிரிப் போய்விடுவேன்.

போன மே மாதம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் அறுபது பார்சலுக்குச் சோறாக்கிவிட்டேன். அனுப்ப முடியவில்லை, பஸார் வீதி முழங்கால் தண்ணீரில் இருந்தது. எங்களுக்கு வெள்ளம் புதிதல்ல. சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு, வாசல் படியில் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொண்டிருப்போம். எப்போதும் இரண்டாவது படியில் நின்றுவிடும்.

அன்றைக்கு அது படிப்பக்கம் வரவில்லை. பகல் இரண்டு மணிக்குக் குசினி அடுப்படிப் பக்கமிருந்து, வயலைத் தூர்த்த பக்கமிருந்து வந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. நான் ஹலீமின் நாற்காலியைத் திருப்புவதற்குள் சில்லு முங்கிவிட்டது. கரண்ட் போய்விட்டது. இடர் முகாமைத்துவ நம்பருக்கு எடுத்தேன். போட் வரும், இருங்கள் என்றார்கள். எங்கே இருப்பது என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

லேனில் மிஞ்சியிருந்த பதின்மூன்று குடும்பமும் வெளியே வந்துவிட்டது. சிங்களம், முஸ்லிம் என்று எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றோம். ஹலீமை அயல்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். எங்கள் எல்லாருக்கும் முன்னால், உயரப் படிகளுக்கு மேலே, அந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு மூடிக் கிடந்தது. உள்ளே செக்குரிட்டி போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரோ பெரியவர் முன்னால் நிற்பது மாதிரி நேராக நின்று, சிங்களத்தில் "ஹரி சேர், ஹரி சேர்" என்று அவர் சரி சரி போடுவது வாயசைவிலேயே தெரிந்தது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். எங்களைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தொறக்க வேணாம்னு சொன்னாங்கம்மா. நீங்க ஏறுங்க."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஹலீம், என்னை விட்டுவிட்டு நீ போ என்றார். செக்குரிட்டி அவர் முன்னால் குனிந்து முதுகைக் காட்டினார். சேலைத்துண்டு ஒன்றால் ஹலீமைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படியேறினார். நான் பின்னால் இன்னொருத்தியோடு சேர்ந்து சோற்றுச் சட்டியையும் வாழையிலைக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒருகணம் நின்று மூச்சு வாங்குவார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கிய தோள் என்று பிறகு அவருடைய மனைவி மூக்காயி சொன்னார். அவர்கள் இருவரும் கீழே ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருந்தார்கள். அந்த அறை அதற்குள் முங்கிவிட்டது.

முதலில் படிக்கட்டில்தான் உட்கார்ந்தோம். காய்ச்சல் பிள்ளை ஒன்று நடுங்க ஆரம்பித்தது. செக்குரிட்டி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மாதத்துக்கு ஒருதரம் காற்றாடத் திறந்து வைப்பதற்காக நாற்பது வீட்டுச் சாவியும் அவரிடம் இருந்தது. ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டைத் திறந்தார். பிறகு ஒரு வயதான சிங்கள அம்மாவுக்காக எதிர்வீட்டை. இருட்டுவதற்குள் பதினொரு வீடு திறந்தாகிவிட்டது. மூக்காயி ஒவ்வொரு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் போய்க் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழைய பேப்பர் விரித்தார்.

நான் நுழைந்த வீட்டை இன்னும் மறக்க முடியவில்லை. கட்டிலில் மெத்தைக்குப் பொலித்தீன் உறை கழற்றியிருக்கவில்லை. அலமாரியில் பன்னிரண்டு பீங்கான் கோப்பைகள், அடியில் விலைச்சீட்டோடு. என் முழு வீட்டையும் அந்த ஹோலுக்குள் வைக்கலாம். இவ்வளவு அழகான இடத்தில் ஒரு மனுசக் காலடிகூட விழுந்ததில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பள்ளிவாசலுக்குள் நுழைந்தவள் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அறுபது பார்சல் சோற்றை எழுபத்தொரு பேர் சாப்பிட்டோம். கோப்பைகளை யாரும் தொடவில்லை. இலையில்தான் சாப்பிட்டோம்.

அப்போதுதான் அவருடைய பெயரைக் கேட்டேன். ராமச்சந்திரன். நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மலை வெடித்திருக்கிறது, லயக் குடியிருப்பில் இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்களாம். வேறு வீடு வரும் என்றார்களாம். ஆறு வருசமாகிறது.

வேலை போய்விடாதா என்று ஹலீம் அவரைக் கேட்டார்.

ராமச்சந்திரன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். "அன்னிக்குத் தோட்டத்துல மண்ணு சரிஞ்சப்ப நாங்க புள்ளகுட்டியோட தேயிலை ஸ்டோருக்கு ஓடுனோம். பூட்டிக் கெடந்துச்சு. சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடிக்கிட்டே மூணு மணி நேரம் மழையில நின்னோம். இன்னிக்குச் சாவி என் கையிலேயே இருக்குங்களே" என்றார்.

ஹலீம் கொஞ்சம் நகர்ந்து, விரித்திருந்த பேப்பரில் அவருக்கும் இடம் விட்டார்.

விடியும்போது மழை விட்டிருந்தது. மூக்காயி வந்து, மொட்டை மாடிக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். ஏறிப்போனேன். நான் பிறந்து வளர்ந்த ஊரை முதல்தடவையாக மேலேயிருந்து பார்த்தேன். ஊர் இல்லை. இரண்டு பக்கத்து மலைகளுக்கும் நடுவே ஒரே தேநீர் நிறத் தண்ணீர். அதில் ஓட்டுக் கூரைகளும் மணிக்கூட்டுக் கோபுரமும் பள்ளிவாசலின் மினாராவும் விகாரையின் அரசமரமும் மிதக்கிற மாதிரி நின்றன. வாகனச் சத்தம் இல்லை. தண்ணீர் நகரும் சத்தம் மட்டும், ஒரு பெரிய உயிர் மூச்சு விடுவதுபோல. வருசக்கணக்காக நான் கரையில் நின்று திட்டிய கங்கைக்கு இவ்வளவு அகலம் உண்டென்று எனக்குத் தெரியாது. எங்கள் லேன் எதுவென்று தேடினேன். என் வீட்டுக் கூரையில் ஒரு நாய் படுத்திருந்தது.

மேகம் விலகியது. வடகிழக்கே நீலமாக மலை தெரிந்தது, உச்சி கூராக. எங்கள் ஆட்கள் சொல்கிறபடி, பாவாத மலை என்று என் வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் மூக்காயி சிவனொளிபாதம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பின்னால் அந்தச் சிங்கள அம்மா "சாது, சாது" என்றார். மேலே அந்த மலை, கீழே அந்தத் தண்ணீர். நடுவில் நாங்கள், எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு கூரையின்மேல். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அழுதேன் என்பதை, நான் கீழே இறங்கி வந்த பிறகு, ஹலீம் என் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். இறங்கும்போது பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து பதினொரு வீட்டையும் கழுவித் துடைத்தோம். இருந்தும் வீட்டுக்காரர்கள் சிலர் முறைப்பாடு செய்தார்கள். கம்பளத்தில் சேறு, கட்டிலில் கறை. லண்டனில் இருக்கும் ஒரு டொக்டர் மட்டும், என் வீட்டில் ஆள் இருந்தது சந்தோசம் என்று எழுதியனுப்பினாராம். ஆறு கிழமைக்குப் பிறகு ராமச்சந்திரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போய்ப் பேசினோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, முடியாது என்றார்கள்.

அந்தக் கட்டடம் அங்கே வந்திருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் சொல்கிறேன். வயலைத் தூர்த்திருக்காவிட்டால் தண்ணீர் எங்கள் ஜன்னலை மூடியிருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் ஹலீம் இன்றைக்கு இருக்க மாட்டார். இரண்டும் உண்மை. நகரசபையில் இரண்டையும் சொன்னேன். இருக்கிற வயலையாவது விட்டுவையுங்கள், மாடி கட்டுகிறவர்கள் வெள்ளம் வந்தால் ஊராருக்குப் படிக்கட்டைத் திறந்துவிட வேண்டுமென்று எழுதுங்கள் என்றேன். இந்தத் தடவை எஞ்சினியர் படம் காட்டவில்லை, எழுதிக்கொண்டார். என்ன செய்வார்கள் என்று தெரியாது.

மகனுக்குப் போன் எடுத்து, வீட்டை விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் முன்பக்கத்தில் மகனுக்காகக் கட்டிய இரண்டு அறைகள் பூட்டித்தான் கிடந்தன. நானும் ஆளில்லாத வீட்டைப் பூட்டி வைத்திருந்தவள்தான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. ராமச்சந்திரனையும் மூக்காயியையும் அங்கே வந்திருக்கச் சொன்னேன். மூக்காயி இப்போது என்னோடு பார்சல் கட்டுகிறார். ராமச்சந்திரன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

வந்த அன்றைக்கு மூக்காயி சுவரைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு உசரம் வந்தது என்று கேட்டார். நான் கறையைக் காட்டினேன். அது அவருடைய தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது. கையை எட்டி அதில் உள்ளங்கையை வைத்தார். பிறகு தன் துணிப்பையைப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு ஆணி அடிச்சுக்கலாமாம்மா?" என்றார்.

நான் சுத்தியலை எடுக்கப் போனேன்.