சேலத்துக் கேக்கு

நீலம் போகவில்லை. சென்னியம்மாள் தண்ணீர்த் தொட்டியடியில் குத்தவைத்து, புளியும் சாம்பலும் சேர்த்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் மூன்று விரல்கள், நகக்கண் வரைக்கும் நீலம். முன்வாசலில் ஒப்பாரி ஏறி இறங்கியது. அவளை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

காலையில் கோழிக் கொட்டகைக்குப் போன அண்ணன் நாச்சிமுத்து, தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நாற்பத்தைந்து வயது. ஆட்கள் தூக்கி வந்தபோது அவள் சமையலறையில் மேட்டூர் அணைக்கு மதகு வைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மகள் கோகிலாவுக்கு நாளை மறுநாள் பிறந்தநாள். பள்ளிக்கூடத்திலிருந்து மேட்டூருக்குக் கூட்டிப் போய் வந்ததிலிருந்து, இந்த வருஷம் கேக்கு அணை மாதிரிதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். சுவர் எழுப்பியாகிவிட்டது. மதகில் பாதி முடிந்திருந்தது. தண்ணீருக்கு நீலச் சாயம் கலக்கும்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தை எடுத்துக் கேக்கின் மேல் கவிழ்த்துவிட்டு ஓடினாள்.

ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். பக்கத்துத் தோட்டத்து அத்தாயி அவளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்துக் கையை விடும்போது விரல்களைப் பார்த்தாள்.

"கையென்ன அம்மிணி இப்படிக் கெடக்குது?"

சென்னியம்மாள் வாயைத் திறப்பதற்குள், பிணத்தின் தலைமாட்டிலிருந்து பதில் வந்தது. அண்ணன் மனைவி காளியாத்தாள், அவளுக்கு நங்கையாள் முறை. கூந்தல் அவிழ்ந்து, குரல் கட்டிப்போயிருந்தது.

"சீலைக்குச் சொட்டுநீலம் போட்டுட்டு இருந்தா."

அத்தாயி தலையாட்டிக்கொண்டாள். வெள்ளைச் சீலைக்காரிக்குச் சொட்டுநீலம், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சென்னியம்மாள் நங்கையாளின் முகத்தைப் பார்த்தாள். புருஷன் செத்து இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. அதற்குள் ஒரு பொய் இத்தனை சுளுவாக எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

சென்னியம்மாள் தாலி அறுத்தது இருபத்திரண்டு வயதில். புருஷன் கிணற்றுக்கு வெடி வைக்கும்போது செத்தான். அண்ணன்தான் வண்டி கட்டிப் போய்க் கூட்டி வந்தார். அடுத்த வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீரைச் சித்தப்பா மகள் செய்தாள். "நீதான் செய்யோணும்னு தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். ஊரு ஒத்துக்கல சாமி" என்றார் அண்ணன். அவள் நம்பினாள். ஊர் அப்படித்தான்.

கோழிப்பண்ணை போட்ட பிறகு கீறல் முட்டை கூடை கூடையாக மிஞ்சியது. சேலத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டில் கேக்கு செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு வந்து சொன்னவரும் அண்ணன்தான். "சும்மா மோட்டு வளையைப் பாத்துட்டு உக்காந்திருக்காத. போய்க் கத்துக்க." சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனாள். அங்கே வந்தவர்கள் எல்லாம் ஆபீசர் வீட்டுப் பெண்கள். டால்டாவும் பொடித்த சர்க்கரையும் குழைத்துத் தட்டின் முதுகில் பூ வைத்துப் பழகச் சொன்னார் டீச்சரம்மா. மற்றவர்களுக்கு ரோஜா வந்தது.

"சென்னியம்மா, இது ரோஜாவா முட்டைக்கோசா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து தட்டைக் கவிழ்த்துப் போட்டு வைத்தாள், வழித்தாள், மறுபடி வைத்தாள். ஒரு வாரம் அதே டால்டா. சாம்பல் நிறமாகிச் சிக்கு வாடை அடித்தபோது ரோஜா ரோஜா மாதிரி வந்தது. லாரிக்குப் பாடி கட்டுகிற தகரக்காரரிடம் சொல்லி, நட்சத்திரமும் இலையுமாகக் குழல்கள் வெட்டி வாங்கி வந்தார் அண்ணன். அடுப்பு மேல் மணல் சட்டி, மூடி மேல் கரி நெருப்பு. அதில்தான் வேகும். முதல் மூன்று கேக்குகளைக் கோழிக்குப் போட்டாள். கோழியும் யோசித்துத்தான் தின்றது.

பிறகு வருஷம் தவறவில்லை. மூத்தவன் கண்ணுசாமிக்கு அடைகாக்கிற கோழி. இன்னொரு வருஷம் லாரி. சக்கரத்துக்கு பிஸ்கட், முன்விளக்குக்கு ஆரஞ்சு மிட்டாய், நெற்றியில் குலதெய்வத்தின் பேர். நங்கையாளுக்கு அவளுடைய கூரைச் சீலையின் கரையைக் கட்டம் மாறாமல் போட்டாள். அண்ணனுக்குக் கிணறும் மோட்டார் ரூமும், குழாயிலிருந்து சர்க்கரைத் தண்ணீரும். அவளுக்கு என்று ஒன்று செய்துகொண்டதில்லை. அவள் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது.

வெட்டுகிற நேரத்தில் அவள் சபைக்குப் போக மாட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். அண்ணன் சமையலறை வாசலில் தட்டை வாங்கிக்கொண்டு, "இனி நான் பாத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார். கதவுக்கு அந்தப் பக்கம் கைதட்டுவது கேட்கும். எல்லோரும் போன பிறகு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வார். லாரி செய்த வருஷம் சொன்னது அவளுக்கு வரி மாறாமல் மனப்பாடம். "மேட்டூர் மாமன் ரெண்டு துண்டு தின்னாரு. தின்னுபோட்டு, 'இந்தக் கைக்குத் தங்கத்துல வளையல் போடோணும்டா நாச்சி'ன்னாரு."

அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது தன் வெறும் மணிக்கட்டை அவள் இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொண்டாள்.

மேட்டூர் மாமன் குழந்தைவேல் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். கெமிக்கல் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மாலையைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கோகிலாவை இழுத்து அணைத்துக்கொண்டார். சென்னியம்மாள் பக்கத்தில் நின்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"நாளன்னிக்குப் பொறந்தநாளு, வந்துருங்க மாமான்னு போன வாரந்தான் ஆளுட்டுச் சொல்லியுட்டான் சாமி உங்கொப்பன்" என்றார் மாமன். மூக்கைத் துண்டால் துடைத்தார். "புள்ளைங்கன்னா உசுரு. வருசந்தவறாமச் சேலத்துல சொல்லிச் செஞ்சு வாங்கியாருவான். ஒருக்கா லாரி மாரியே ஒண்ணு. நாந்தான் சொன்னேன், 'ஏன்டா நாச்சி, இந்தச் சேலத்துக்காரன் கைக்குத் தங்கத்துல காப்பு போடோணும்டா'ன்னு."

சொம்பு அவள் கையில் இருந்தது. கீழே விழவில்லை. அண்ணன் சேலத்துக்காரனை விட்டுவிட்டு, ஒரு சொல்லைத்தான் மாற்றியிருந்தார். காப்பை வளையலாக்கியிருந்தார்.

"சேலத்துலயா மாமா வாங்குனாரு?"

"பின்ன? பொட்டியோட ஜீப்புல இருந்து எறக்குவான். எல்லாரும் பாக்க அவனே கயித்த அறுத்துப் பிரிப்பான். நீ எங்க வெளிய வந்து பாத்த, உள்ளயே கெடப்ப."

சென்னியம்மாள் கோகிலாவைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து, சர்க்கரைக் குழம்புச் சட்டியை விரலால் வழித்து நக்கிக்கொண்டு, மதகு இன்னும் உயரமாக வேண்டும் அத்தை என்று சொன்ன பிள்ளை. கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலால் சிமெண்டைச் சுரண்டினாள்.

கொல்லைப்பக்கம் வந்தாள். லாரி டிரைவர் மயில்சாமி தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நன்றாக அழுதிருந்தான்.

"ஏனுங்க்கா, கேக்கக் கூடாத நேரந்தான். மொதலாளி சொன்னாங்கன்னு நேத்துச் சேலத்துல பொட்டி வாங்கியாந்தனுங்க. வண்டியிலயே கெடக்குது. என்ன பண்றதுங்க?"

"என்ன பொட்டி?"

"கேக்குப் பொட்டிங்க. வெறும் பொட்டி. வருசா வருசம் வாங்கறதுதானுங்க. கடைக்காரன் சிரிப்பானுங்க, 'ஏய்யா, உங்க மொதலாளி பொட்டியத்தான் திம்பாராட்ட இருக்குது'ன்னு." அழுகையின் நடுவில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க்கா."

"இருக்கட்டும். அங்கயே இருக்கட்டும்."

தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்று காளியாத்தாளைப் பெண்கள் உள்ளறைக்கு அழைத்து வந்தார்கள். சென்னியம்மாள் சொம்பைக் கொடுத்தாள். மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"நங்கையா, சேலத்துக் கேக்குன்னு சொல்லச் சொன்னது யாரு?"

"இப்பக் கேக்கற கேள்வியா இது?"

"எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

காளியாத்தாள் தண்ணீரை முழுவதும் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைச் சென்னியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொத வருசம், அம்மிணிதான் செஞ்சாள்னு சொல்லீரலாம்னேன். பொய் சொல்லல, செத்தவரு தலைமாட்டுல உக்காந்துட்டு வந்து சொல்றேன். அவருதான், நல்ல காரியத்துல அவ பேரு வேண்டாம்னுட்டாரு. புள்ளைங்களுக்கும் சொல்லி வெச்சாரு."

"ஊரு பேசும்னா?"

"யாரு பேசுனா? ஒருத்தரும் பேசல. அவரா நெனச்சுக்கிட்டாரு."

"அப்ப அந்த இணைச்சீருக்கு…" என்று சென்னியம்மாள் தொடங்கினாள். முடிக்கவில்லை.

அன்றைக்கு மணவறையில் உட்கார்ந்திருந்தவள் காளியாத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொம்பைக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்தாள். வைத்ததைச் சரியாக இல்லை என்பது போல மறுபடி நகர்த்தி வைத்தாள். வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

வாசலில் பெஞ்சுப் பலகையில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். எண்ணெய்க் கிண்ணமும், தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடித் தட்டும் தயாராக இருந்தன.

"கூடப் பொறந்தவ எங்க? மொதக் கை அவதான் வெக்கோணும். தங்கச்சியக் கூப்புடுங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. சாவுக்கு வெள்ளைச் சீலை தடையில்லை. இந்த வாசலில் இத்தனை பேர் பார்க்க அவள் முதலாவதாக நடந்து வந்தது இதுதான் முதல் தடவை. எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்தாள். அரப்பைத் தண்ணீரில் குழைத்து எடுத்தாள். சம்பிரதாயத்துக்கு ஒரு தீற்றுத் தீற்றிவிட்டு விலகுவதுதான் வழக்கம். அவள் விலகவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தாள். நுரை வந்தது. பாதிக்கு மேல் நரைத்த தலை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் சாமி, உடு" என்றார் மாமன்.

தண்ணீரை ஊற்றினார்கள். கையை எடுத்துப் பார்த்தாள். புளிக்கும் சாம்பலுக்கும் போகாதது அரப்புக்குப் போயிருந்தது. விரல்கள் சுத்தமாக இருந்தன. அண்ணனின் வலது காதுக்கு மேல், முழுக்க நரைத்த இடத்தில், ஒரு கை அகலத்துக்கு வெளிறிய நீலம்.

"இதென்ன, தலையில நீலமாட்ட இருக்குது?" என்றாள் அத்தாயி. துண்டால் துடைத்தாள். போகவில்லை.

காளியாத்தாள் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை.

சென்னியம்மாள் நகர்ந்து அடுத்தவளுக்கு இடம் கொடுத்தாள்.

பாடை தயாரானது. கண்ணுசாமி தீச்சட்டியோடு நின்றான். வழியில் இறைக்கப் பொரி வாங்கி வந்திருந்தார்கள். ஒரு கூடை நிறைய.

"பொரியப் போட்டுக்க ஒரு சாமான் குடுங்கம்மா" என்று ஒருவர் சத்தம் போட்டார். "திலும்ப ஊட்டுக்கு வராத சாமானாப் பாத்துக் குடுங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பழைய முறம் இருக்கிறதா என்றார்கள். சென்னியம்மாள் மயில்சாமியைப் பார்த்தாள்.

"வண்டியில இருக்கற பொட்டிய எடுத்துட்டு வா."

அவன் தயங்கினான். காளியாத்தாளைப் பார்த்தான்.

"போ. எடுத்துட்டு வா."

வெள்ளை அட்டைப் பெட்டி. மூடியில் பச்சை எழுத்தில் கடையின் பேரும், அதற்குக் கீழே பெரிதாகச் சேலம் என்றும் இருந்தது. சணல் கயிறு கட்டியபடி வந்தது. அவளே கயிற்றை அறுத்தாள். பொரியைக் கொட்டி, மூடியை மடக்கி, மாமனிடம் கொடுத்தாள்.

மாமன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பொரியை ஒதுக்கி அடியைத் தடவினார்.

"அந்தக் கேக்குப் பொட்டியாட்ட இருக்குது. புதுசா இருக்குதே. ஒரு எண்ணெப் பிசுக்குக் கூட இல்ல."

"ஆமாங்க மாமா. வெறும் பொட்டிதான்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கைகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, பாடையில் கிடந்தவரின் காதுக்கு மேல் இருந்த நீலத்தைப் பார்த்தார். பறை அடித்தார்கள். தூக்கினார்கள்.

பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். முனையில் நின்று சுற்றி அழுதுவிட்டு, வீடு கழுவத் திரும்பினார்கள். கோகிலா வந்து அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உதறவில்லை, பிடிக்கவும் இல்லை.

சமையலறையில் பஞ்சாரத்தின் ஓட்டைகள் வழியாக எறும்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும். அவள் முனையிலேயே நின்றாள். தூரத்தில் மாமன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிடி பிடியாக இறைத்துக்கொண்டு போனார். மூடி மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது. பாடை திரும்பி மறைந்ததும், வேலிக்குள்ளிருந்து தெருக்கோழிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பொரியைக் கொத்தத் தொடங்கின.