ஒரு முழம் மிச்சம்

சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றின் கடைசியில், இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருடம் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை கடல் வந்திருந்தது. பெரிய கடல் இல்லை. மூன்று பக்கம் பாறை, நடுவே நாற்பதடி அகலத்துக்குப் பிறைபோல வெள்ளை மணல், அதற்கப்பால் உப்புத்தண்ணீர். தலையைத் தூக்கினால் மலை பழையபடி நின்றது. குனிந்து தண்ணீர் மட்டத்தில் பார்த்தால் மலை இருந்த இடத்தில் வானம்வரை நீலம். தூத்துக்குடிக்குப் போய்க் கால் நனைக்க அரைநாள் பஸ்ஸில் கிடந்த சனம், மத்தியானத்துக்குள் பைக்கில் வந்து குளித்துவிட்டுப் போனது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. ஐந்து ஆள் ஆழத்தில் கிடந்த சிப்பியின் வரிகளைக் கரையில் நின்றே எண்ணலாம்.

தோப்பு அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணன் சிவனாண்டி, குருவம்மாளின் புருஷன். தம்பி ராக்கப்பன். பாகம் பிரித்தபோது நட்ட எல்லைக்கற்கள் தண்ணீருக்குள் போய்விட்டதால் கடல் யார் பங்கு என்று தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சர்வேயர் பேண்ட்டை மடித்துவிட்டு முழங்கால்வரை இறங்கிப் பார்த்து, அலை நிற்காமல் அளக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ராக்கப்பன் பொறுக்கவில்லை. ஐப்பசியில் கடலுக்குக் குறுக்கே முள்கம்பி கட்டினான். அதைச் சிவனாண்டி அறுக்க, மறுமுனையைக் குருவம்மாள் சுருட்டிக்கொண்டிருந்தாள். ராக்கப்பன் பாறைக்குப் பின்னாலிருந்து வந்து அண்ணனைக் கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று வெட்டினான். குருவம்மாள் ஓடிவந்தாள். கையிலிருந்த கம்பியை விடத் தோன்றாமல் இழுத்துக்கொண்டே வந்ததில் உள்ளங்கை இரண்டும் கிழிந்துபோயின. அவள் எட்டுவதற்குள் சிவனாண்டி மல்லாந்து அடிக்குப் போய்விட்டான்.

அவன் மேலே வரவில்லை. ஊறவில்லை, உப்பவில்லை, மீன் தொடவில்லை. கட்டம்போட்ட சட்டையும் திறந்த கண்ணுமாக மணலில் படுத்திருந்தான். வெட்டுவாயிலிருந்து ரத்தம் கலையாமல் சிவப்புக் கயிறுபோல மேலே வந்து நின்றது. தூத்துக்குடியிலிருந்து சங்கு குளிக்கும் தேவஇரக்கத்தை அழைத்துவந்தார்கள். ஒன்பது முறை முங்கியவர் மூக்கில் ரத்தம் ஒழுக ஏறிவந்து குருவம்மாள் முன்னால் உட்கார்ந்தார்.

“எம்புட்டு இறங்குனாலும் ஒரு முழம் மிச்சம் இருக்கும்மா. எட்டல.”

உடல் கைக்கு வராததால் வழக்கு நிற்கவில்லை. பதினோரு மாதத்தில் ராக்கப்பன் வெளியே வந்தான்.

அதுவரை குருவம்மாள் தினமும் கரைக்குப் போனாள். அழுகை முதல் மாதத்தோடு தீர்ந்திருந்தது. வெண்டைக்காய் விளைந்ததையும் ஆடு குட்டி போட்டதையும் புருஷனுக்குச் சொல்லிவிட்டு வருவாள். வெளியே வந்த மூன்றாம் நாள் உச்சிவெயிலில் ராக்கப்பன் குடித்துவிட்டுக் குளிக்க வந்தான். அண்ணனுக்கு நேர் மேலே மிதந்துகொண்டு, காலி பாட்டிலைக் கீழே போட்டான். அது சிவனாண்டியின் நெற்றிக்கு ஒரு முழம் மேலே போய் நின்றது.

“என்னண்ணே, கடல் யாருதுன்னு இப்பச் சொல்லு!”

குருவம்மாளுக்கு நீச்சல் தெரியாது. புல் அறுக்கிற அரிவாளோடு நடந்தே இறங்கினாள். கழுத்தளவில் ராக்கப்பன் அவள் கொண்டையைப் பிடித்துப் பாறையில் மோதினான். முன்பல் இரண்டு போயின. பிறகு தலையை முக்கி மேலே ஏறி நின்றான். உள்ளே அவள் கண்ணைத் திறந்தாள். சத்தமே இல்லை. கீழே புருஷன், மேலே கொழுந்தனின் தொடை, எல்லாம் கண்ணாடிபோலத் தெரிந்தன. குறி பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தொடையில் ஆழப் போட்டு இழுத்தாள். இரண்டாவது வயிற்றில். அவன் கத்தியது குமிழிகளாக ஏறியது. அவள் சேலையைப் பற்றிக்கொண்டே இறங்கினான். அவள் சேலையை உருவிவிட்டாள். அவன் அண்ணனுக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோள் இடித்துப் படுத்தான். அலை குருவம்மாளை மணலில் எறிந்தது.

பாவாடையும் ஜாக்கெட்டுமாக, வாயெல்லாம் ரத்தமாக ஸ்டேஷனுக்குப் போனாள். “என் கொழுந்தனை வெட்டிட்டேன். வாங்க, காட்டுதேன்,” என்றாள். வந்தார்கள், பார்த்தார்கள், முங்கினார்கள். அவனுக்கும் ஒரு முழம் மிச்சமிருந்தது. நாலு மாதத்தில் அவளும் வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்றே கரைக்குப் போனாள். அங்கே ராக்கப்பனின் பெண்டாட்டி அய்யம்மாள் இருந்தாள். “ஏட்டி, எம் புருஷனைத் தின்னவளே!” என்று எறிந்த கல்லில் குருவம்மாளின் புருவம் பிளந்தது. குருவம்மாள் துடைக்கவில்லை, நகரவில்லை. மறுநாளும் கல் வந்தது, அதற்கு மறுநாளும். மாசி முழுக்க அய்யம்மாள் எறிந்தாள். பங்குனியில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிக்க வருகிற சனம் இருவரையும் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது. கீழே படுத்திருப்பவர்கள்மேல் நிழல் விழாமல் நீந்தவும் பழகிவிட்டது.

சித்திரையில் ஒருநாள் அய்யம்மாள் எழுந்து கிட்டே வந்தாள். கையில் கல் இல்லை.

“அவிய கண்ணு திறந்துதான் இருக்கா?”

“திறந்துதான் இருக்கு.”

“செத்த தள்ளி உக்காரு. எனக்கு மறைக்குது.”

குருவம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.