ஈரக் கை

காலை ஐந்தரைக்கே கொழும்பு, கொட்டாஞ்சேனைச் சலவைக்கூடத்தில் ஹோட்டல் மூட்டைகள் வந்து விழும். அவிழ்த்தால் முதலில் வருவது நாற்றம். பழைய வைன், வியர்வை, யாரோ வாந்தி எடுத்த புளிப்பு. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரிப்புகளை உதறி, எண்ணி, இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். தரை எந்நேரமும் ஈரம். ரப்பர் செருப்புக்குள்ளும் சோப்புத் தண்ணீர்.

அன்று லவினா, கழுவிய விரிப்புகளைத் தேய்க்கும் உருளை அயனுக்கு முன்னால் நின்றாள். விரிப்பின் இரு நுனிகளையும் பிடித்துச் சூடான உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது விரிப்பின்போது இயந்திரத்தின் ஓரத்தில் கையை வைத்தவள் அதை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை இறக்கிய பிறகுதான் சரிந்து விழுந்தாள். மூச்சு இருந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. மின்சாரம் கசிந்தால் தானாக விழ வேண்டிய ட்ரிப் சுவிச் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் மேலேயே நின்றது.

அது ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும். இங்கே மின்வேலை பார்ப்பவன் நான்.

அம்புலன்ஸ் போன பிறகு முதலாளி நாகேந்திரம் வெள்ளவத்தையிலிருந்து வந்தார். லவினா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"ஈரக் கையோட மெஷினைத் தொட்டா அடிக்கும்தானே? எத்தினை தரம் சொன்னனான்?"

சலவைக்கூடத்தில் ஈரக் கை குற்றம்!

"காஞ்ச கையால உடுப்புக் கழுவுற ஆள் இரிந்தா கூட்டிட்டு வாங்க மொதலாளி," என்றாள் ருக்கியா. உள்ளே போகும் விரிப்பையும் வெளியே வருவதையும் எண்ணுபவள் அவள்.

"வாயைக் குறை. கிளறன்ஸ், மெஷினைப் போடு. பத்து மணிக்கு ஷீட் ஏத்த ஹோட்டல் வான் வரும்."

நான் போடவில்லை. மின்பெட்டியின் மூடியைக் கழற்றி எல்லாரையும் கூப்பிட்டேன்.

"ருக்கியா, உள்ளுக்கு நூறு ஷீட் போய், வெளியில தொண்ணூற்றொன்பது வந்தா என்ன செய்வீங்க?"

"எல்லாத்தையும் நிப்பாட்டித் தேடுவன்."

"ட்ரிப் சுவிச்சும் அதைத்தான் செய்யுது. ஒரு வயரால போற கரண்ட் முழுக்க மற்ற வயரால திரும்பி வரோணும். கரண்ட் நடுவில காணாமல் போகாது. குறைஞ்சு வந்தா வேற வழியால போகுது எண்டு அர்த்தம். ஆரோ ஒரு ஆளின்ர உடம்பாலயும் போகலாம். அதுதான் உடன விழும்."

"அப்ப இந்தக் கறுப்பு வயர்?" என்று ருக்கியா பெட்டிக்குள் காட்டினாள்.

"அது நான் போட்டது."

போன மாதம் சூடாக்கும் கொயிலில் மின்கசிவு. கசிவதை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த் வயரும் ஈரத்தில் பாதி அரித்துப்போயிருந்தது. சுவிச் நாளுக்கு நாலு தரம் விழுந்தது. "அந்தச் சனியனுக்குள்ள கரண்ட் போகாமல் சுத்தி ஒரு ரெட்டை வயரைப் போடு" என்றார் முதலாளி. நான் ஓம் என்றேன். வேலை தடைப்படாமல் ஓடியதும் பெண்கள் எனக்குக் கைதட்டினார்கள். லவினாவும் தட்டினாள்.

"காய்ஞ்ச தோல் கரண்டை நல்லாத் தடுக்கும். ஈரத் தோல் தடுக்காது. வோல்ற் அதேதான், தடை குறைஞ்சா ஓட்டம் கூடும். ஓமின் விதி. ஈரம் இருக்கிற இடமெண்டபடியால்தான் இங்க இந்த சுவிச் வேணும்."

"ஓமின் விதியா? மொதலாளி சொல்றதுக்கெல்லாம் நீங்க ஓம் எண்டு சொல்றதா?" என்றாள் ருக்கியா.

நியாயமான அடி. குறட்டால் கறுப்பு வயரை இரண்டு முனையிலும் வெட்டி எடுத்தேன். மெயினை ஏற்றி, யாரையும் கிட்ட விடாமல் இயந்திரத்தைப் போட்டேன். டக். சுவிச் விழுந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப விழுந்தது.

"வயரைப் பழையபடி போடு. இல்லாட்டி வீட்ட போ," என்றார் முதலாளி.

"கொயிலையும் எர்த்தையும் மாத்துங்கோ. வயர் போடமாட்டன்."

"கொயில் வர ரெண்டு கிழமை. அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்களே வந்து ஷீட்டைப் பிடியுங்க," என்றாள் ருக்கியா.

முதலாளி ஓரடி பின்வாங்கி, காய்ந்த படியில் ஏறி நின்றுகொண்டார். அதை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக அழுக்கு மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள்.

அவர் போனை எடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் அவருடைய இரத்மலானைக் கூடத்திலிருந்து ஆறு பெண்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த யூஜினா, "ஏன் எல்லாரும் மூட்டையில இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லி வெட்டிய வயரைக் காட்டினேன்.

அவள் முகம் மாறியது. "எங்கட சுவிச்சும் முந்தி நெடுக விழும். தை மாசத்துக்குப் பிறகு ஒருக்காலும் விழேல்ல. திருத்தினதெண்டு நினைச்சம்."

"இப்ப அங்க மெஷினில ஆர்?"

"என்ர தங்கச்சி."

"யூஜினா, உள்ள போ!" என்று முதலாளி கத்தினார்.

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "ஷெரோமி, ஷீட்டை விடு! மெஷினைத் தொடாத. மெயினை இறக்கச் சொல்லு. ஓம், இப்பவே!"

போனை எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தாள். இரத்மலானை இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ ஓடும் சத்தம். பிறகு இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது.

"நிண்டுட்டுது அக்கா. இனி என்ன செய்ய?"

யூஜினா எங்களைப் பார்த்தாள். மூட்டைமேல் நகர்ந்து அவளுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் இடம் விட்டோம்.

"எல்லாரும் வெளியில வந்து இருங்கோ," என்றாள், உட்கார்ந்துகொண்டே. "நாங்களும் இருக்கிறம்."